ஒரே எண்ணில் இரண்டு பேர்

2003இல் நான் கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். வரவேற்பு, ஆய்வகம், மருந்துக்கடை மூன்றையும் இணைக்கும் மென்பொருளை, மருத்துவமனையின் உரிமையாளரான டாக்டர் அதற்கு முந்தைய வருடம் மதுரை நிறுவனம் ஒன்றிடம் வாங்கியிருந்தார். ஏதாவது பழுதென்றால் அவர்கள் அங்கிருந்தே போன் லைன் வழியாக எங்கள் சர்வருக்குள் வந்து சரிசெய்வார்கள்.

ஐப்பசியில் அவர்களிடமிருந்து ஒரு சிடி வந்தது. சர்வரில் ஒரு ஓட்டை இருக்கிறது, இதைப் போட்டு அடைத்துவிடுங்கள் என்று கடிதம். போடுவதற்கு இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமாம். டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"காய்ச்சல் சீசன்ல எப்படிம்மா நிறுத்துறது? பொங்கல் கழியட்டும்" என்றார்.

சிடியை இழுப்பறையில் வைத்தேன். பொங்கல் கழிந்தது. அவர் மறந்துவிட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வாரம் திங்கள்கிழமை காலையில் எல்லாத் திரைகளும் ஒன்றாக உறைந்தன. விட்டுவிட்டு மினுக்கும் சர்வர் விளக்கு, நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன். அரை மணி நேரம் ஓடியது, மறுபடி உறைந்தது. வெளியே நோயாளிகள் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மூன்று நாள் இப்படியே அணைப்பதும் போடுவதுமாக ஓட்டினேன். மதுரைக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவே இல்லை. புதன்கிழமை மதியம் அவர்களே கூப்பிட்டார்கள்.

"போன் வயரைப் பிடுங்கிருங்க மேடம். ஒரு வைரஸ் அந்த ஓட்டை வழியாத்தான் வருது. உங்களுக்கு மட்டுமில்ல, சிடி போடாத எல்லாருக்கும்."

வியாழக்கிழமை அவர்களுடைய ஆள் வந்து சிடியைப் போட்டுக் கொடுத்தான். இருபது நிமிடத்தில் முடிந்தது. அந்த வைரஸ் எதையும் திருடாது, அழிக்காது, தன்னையே பெருக்கிக்கொண்டு பாதையை அடைக்கும், அவ்வளவுதான் என்றான். சேதம் என்னவென்று எழுதித் தரச் சொன்னார் டாக்டர். 'மூன்று நாள் தாமதம். வேறு சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஆய்வக டெக்னீசியன் என் மேசைக்கு வந்தார். உத்தமபாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் இரண்டு ரிப்போர்ட் நகல்கள்.

"தங்கச்சி, இதப் பாரு. ஆளு வேற வேற. நம்பரு ஒண்ணு."

பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறை நான் அணைத்துப் போட்டபோதும், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் மென்பொருள் நோயாளி எண்களை மறுபடி எண்ணத் தொடங்கியிருக்கிறது. ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்த எண்ணையே இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறது. ஒருவர் ரத்தத்தின் முடிவு மற்றவர் அட்டையில் அச்சாகியிருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் ஒரு நோட்டில் பெயரையும் முடிவையும் கையால் எழுதிவைப்பார். நான் அதைக் கேலி செய்ததுண்டு. அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு அவர் படிக்க, நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெரும்பாலும் சர்க்கரை, சிறுநீர், காய்ச்சல் பரிசோதனைகள். திரும்ப வரச்சொல்லி எடுத்தால் போதும். கடைசியில் இரண்டு ரத்த வகை அட்டைகளின் நகல்கள் எஞ்சின. ஒன்று, லைசென்ஸுக்காக வந்த ஜீப் டிரைவருடையது. மற்றது குச்சனூர்ப் பக்கத்து கிராமத்துப் பெண்ணுடையது. இருபது வயது, தலைப்பிரசவம், மாதம் ஒன்பது.

"நோட்டுல ஓ நெகட்டிவ்" என்றார் அவர். "அட்டையில?"

"ஓ பாசிட்டிவ்ணே."

அட்டையில் அந்த ஊர் டீக்கடை போன் எண் இருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கா? புதன்கிழமை விடியக்காலையிலேயே வீட்டுல ஆம்பளப் பிள்ளை பெறந்திருச்சே!"

நோட்டையும் நகலையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தாய் நெகட்டிவ்; இது பாசிட்டிவா இருந்தா, தாயோட ரத்தம் இப்ப அதைப் பகையா நினைக்கப் பழகிக்கும். அடுத்த பிள்ளை வயித்துல இருக்கும்போது அதைத் தாக்கும். அதைத் தடுக்குற ஊசியப் பிரசவமாகி மூணு நாளைக்குள்ள போடணும்."

"மூணு நாள் இன்னைக்கு விடியக்காலையோட முடிஞ்சிருச்சே" என்றேன்.

"இருந்தாலும் போடுங்க. கம்ப்யூட்டர் கதையெல்லாம் அங்க பேச வேணாம்."

ஊசி மருந்தை ஐஸ் டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஒரு நர்ஸையும் கூட்டிக்கொண்டு ஆம்புலன்ஸில் கிளம்பினோம். சனிக்கிழமை என்பதை யாரும் யோசிக்கவில்லை. குச்சனூர் சனி பகவான் கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. எள் விளக்குப் புகைக்கு நடுவே வண்டி ஒரு மணி நேரம் ஊர்ந்தது.

ஆம்புலன்ஸைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. யாரோ செத்துவிட்டார்கள் என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பெண்ணின் அம்மா ஓடிவந்தார்.

"என்னத்தா? என் மகளுக்கு என்ன? இம்புட்டுப் பேரு வந்திருக்கீக?"

"ஒண்ணுமில்லம்மா. பிரசவமானவுகளுக்குப் போடுற ஊசி. விட்டுப்போச்சு" என்றேன். அந்தப் பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது!

டெக்னீசியன் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். தாயின் விரலில் குத்தி ஒரு துளி, பிள்ளையின் குதிகாலில் குத்தி ஒரு துளி. ரத்த வகை பார்க்கும் மருந்தை விட்டு அதை மெல்ல ஆட்டினார். தாயின் ரத்தம் அப்படியே வழவழவென்று கிடந்தது. பிள்ளையின் ரத்தம் மணல் மணலாகத் திரண்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாசிட்டிவ்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நர்ஸ் ஊசியைப் போட்டாள்.

புறப்படும்போது அந்தப் பெண் பாயில் படுத்தபடியே கும்பிட்டாள். "வீடு தேடி வந்து பாத்தீகளே, இந்தக் காலத்துல யாரு வருவா?"

ஜீப் டிரைவரை மறுநாள் ஜீப் ஸ்டாண்டில் பிடித்து அட்டையை மாற்றிக் கொடுத்தோம். அவர் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி வந்தாள். ஐந்து மாதம். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று எடுத்த ரத்தத்தில், பிள்ளையைத் தாக்கும் என்று நாங்கள் பயந்த அந்தப் பகை இருந்தது. ஊசி பிடிக்கவில்லை. மதுரைக்குப் போகச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். அதை அவளிடம் கொடுக்க நான்தான் போனேன்.

"அன்னைக்கு நீங்க வந்து ஊசி போட்டீகளே, அதுக்கப்புறமும் எப்படிக்கா?" என்று கேட்டாள்.

அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிடி, அணைத்துப் போட்டது, எண், நாள் தப்பியது.

"அந்த அட்டைய அடிச்சுக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள். வாசலில் அவள் அம்மா என்னவோ கேட்டார். நிற்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

மாசம் நிறையும் முன்பே மதுரையில் பிள்ளை பிறந்தது. உடம்பெல்லாம் மஞ்சள். ரத்தத்தை முழுக்க மாற்ற வேண்டும், ஓ நெகட்டிவ் தேவை என்று அங்கிருந்து டாக்டருக்குப் போன் வந்தது. மஞ்சள் மூளைக்கு ஏறினால், பிழைத்தாலும் நடையோ காதோ போய்விடும் என்றார் அவர். எங்கள் பதிவுகளில் தேடினேன். நான்கு பேர் இருந்தார்கள். பதிவை நம்பி அனுப்ப எனக்குக் கை வரவில்லை. நான்கு பேரையும் வரவழைத்து மறுபடி பரிசோதிக்கச் சொன்னேன். இரண்டு பேர் மதுரைக்குப் போக ஒப்புக்கொண்டார்கள். பிள்ளை பிழைத்தது.

அவள் அதன்பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. அடுத்த வருடம் டெக்னீசியன் அவளைச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்து சொன்னார்.

"பொம்பளப் பிள்ளை. நல்லாத்தான் நடக்குது. பஸ்ஸு அம்புட்டுச் சத்தமா ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்துச்சு. அது பாட்டுக்குக் குறுக்க போகுது. அவதான் ஓடிப்போயித் தூக்குனா. கூப்பிட்டா திரும்பாதாம் தங்கச்சி. தோளைத் தொடணுமாம்."