குழி ஆறுமுன்

மரவள்ளியைப் பிடுங்கப் போகும்போது பாலாமணி நடுவதற்காக அதன் தண்டிலிருந்து வெட்டிய ஒரு சாண் குச்சியை வாயில் கவ்விக்கொள்வாள். இரண்டு கையும் தண்டில், குதிகால் இரண்டும் மண்ணில். ஒரே இழுப்பு. கிழங்கு மேலே வந்ததும் அந்தக் குச்சி அதே குழிக்குள் இறங்கிவிடும். பிறகுதான் கிழங்கில் ஒட்டிய மண்ணை உதறுவாள்.

மாத்தளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னாலுள்ள சிறு நிலங்கள் ஆண்கள் பேரில்தான் இருக்கின்றன. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து அங்கே கொத்துவது பெண்தான். ஆனாலும் புருஷன் இல்லாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு வழக்கம் மட்டும் அதைத் தடுக்கும்: பயிர் நிற்கிற மண்ணில் இன்னொருவர் மண்வெட்டி வைப்பதில்லை. புருஷன் காய்ச்சலில் போன வருடத்திலிருந்து பாலாமணியின் பிள்ளைகள் வயிறு காயாமல் இருப்பது அந்த வழக்கத்தால்தான்.

புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கிழங்கு அவிக்க ஐந்தாறு செடி பிடுங்கினாள். அங்கேயே குந்தி, ஐந்தாறு குச்சியும் நட்டாள். லயமே வாயில் கை வைத்தது. அதே காய்ச்சலில் என் மனைவியும் போயிருந்தாள். அன்றைக்கு எப்படி நட முடிந்தது என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"அழுகை எங்கங்க போயிரப் போவுது, வாத்தியாரய்யா? மண்ணுதான் போயிரும்."

பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு வேளைக்கு ஒரு செடிதான். "பாலாமணி கெழங்கப் பாத்துத்தான் மூச்சே விடுவா" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

போன வாரம் காளிமுத்துக் கங்காணி, தோட்டத்துக்குப் புதிதாக வந்த இராசமாணிக்கத்தை மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார். பாலாமணியின் நிலத்தை அவனுக்கு மாற்றத் தீர்மானித்திருந்தார்.

"ஏம்மா, இந்தக் காடு எப்பத்தான் காலியாவும்?"

"எம் புள்ளைங்க வயிறு நெறையிற அன்னைக்குங்க, கங்காணியய்யா" என்றாள், குச்சியைக் கடைவாய்க்கு ஒதுக்கி. கிழங்கு அப்போதுதான் மேலே வந்திருந்தது.

"வாய வச்சே பொழச்சிக்குவ நீ!" கங்காணிக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கண் குழியைப் பார்த்துவிட்டது. "அந்தா, ஒரு எடம் காலியாயிருச்சே. அதுலருந்து வெட்டுடா, இராசமாணிக்கம்."

இராசமாணிக்கம் தோளிலிருந்த மண்வெட்டியைத் தயங்கித் தயங்கி இறக்கினான்.

"தம்பி, ஒங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குல்ல?" என்றாள் பாலாமணி. "அந்தத் தலத்துண்ட அவுத்து ஏந்துங்க."

அவன் கங்காணியைப் பார்த்தான், கிழங்கைப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் ஏந்தினான். அன்றைய கிழங்கு முழுவதையும் அதில் போட்டாள். பிறகு வாயிலிருந்த குச்சியை எடுத்துக் குழிக்குள் ஊன்றி, சுற்றிலும் மண்ணைத் தள்ளி, குதிகாலால் அழுத்தி மிதித்தாள்.