தாழிக்குள் போட்ட பத்திரம்

நான், என் மனைவி செல்லம்மா, அவள் தம்பி கருப்பையா. மீமிசலிலிருந்து பஸ் ஏறிப் புதுக்கோட்டை வந்தது மூன்று பேர்.

என் பையில் வீட்டுப் பத்திரம் இருந்தது. வக்கீலிடம் காட்ட வேண்டும். அது தொலைந்தால் வீடு பங்காளிக்குப் போய்விடும். வக்கீல் மாலையில்தான் வருவார் என்றார்கள். அதுவரை மியூசியம் பார்க்கலாம் என்றான் கருப்பையா.

வாசலில் பையை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பத்திரத்தை மட்டும் உருவி மடியில் செருகிக்கொண்டேன்.

சிலை, ராஜா காலத்து வாள் என்று எதன் முன் நின்றாலும் ஒரு முண்டாசுக்காரர் என் மடியைப் பார்த்தபடியே பின்னால் வந்தார். பங்காளி ஏவிய ஆள் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் ஓரமாக வரிசையாக இருந்தன. அவர் அசந்த நேரம் ஒன்றுக்குள் பத்திரத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

திரும்பி வந்தால் எல்லாத் தாழியும் ஒன்றுபோல இருந்தது. ஒன்றில் கையை விட்டேன். முண்டாசுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தைங்க எடுக்குறீங்க? வந்ததுலேருந்து ஒங்களத்தான் பாக்குறேன்."

"நீங்க யாரு?"

"நான் இங்க காவலுங்க. மடியில என்ன ஒளிச்சீங்க?"

நடந்ததைச் சொன்னேன். செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்குறவுகள நம்பாம, செத்தவுககிட்டக் குடுத்து வச்சிருக்காரு பாருங்க!"

காவலர் சிரிக்கவில்லை. தாழி தாழியாகத் தேடிப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் கேட்டால் வாசலில் பையைக் கொடுக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று அந்தக் காவலர் கை நுழைத்துப் பார்த்த தாழிகள் பதினொன்று.