உள்ளே சுற்றும் காற்று

கௌஸ் பாஷா எந்தக் காரிலும் எடுத்தவுடன் கை வைக்க மாட்டார். முதலில் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றுவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். ஏசியைப் போட்டு, நடுவில் காற்று வருகிற இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுப்பார். பெரிய மூச்சாக இல்லை. மல்லிகையை விலை கேட்கும் முன் மோந்து பார்ப்பவர்களைப் போல, சின்னச் சின்னதாக, விட்டு விட்டு. அப்போது அவருடைய கட்டைவிரல் ஸ்டியரிங்கை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். வெளியே நிற்கும் வண்டிக்காரர் கண்ணாடி வழியாக அந்த விரலையே பார்ப்பார். விரல் நின்றால் கோளாறு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

“எலி செத்திருக்குதுபா, ப்ளோயருக்குப் பின்னாடி” என்பார். இல்லையென்றால், “இனிப்பா ஒரு வாடை வருது. ஹீட்டர்ல கூலன்ட் தண்ணி ஒழுகுது.” பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். எது பட்டு மூட்டை ஏற்றிய வண்டி, எது கருவாடு ஏற்றிய வண்டி என்று கழுவித் துடைத்த பிறகும் சொல்வார். வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். போர்டில் எழுதியிருந்த கடைப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மூக்கு பாஷா ஷெட் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுவார்.

கொரோனா இரண்டாம் அலையில் அவர் படுத்து எழுந்தார். காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. ஒருநாள் பால் தீய்ந்து தெருவரைக்கும் வாடை அடித்து, அவர் மனைவி ரசியா மொட்டை மாடியிலிருந்து ஓடி வந்தபோது, பாஷா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க. நோவுதானே, திருட்டா?” என்றாள்.

“என்னான்னு சொல்றது? மூக்கு பாஷாவுக்கு மூக்கு இல்லைன்னா? அப்புறம் ஷெட்ல ஈ ஓட்டிக்கினு உக்கார வேண்டியதுதான்.”

ரசியா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் பழக்கத்தை விடவில்லை. கண்ணாடி ஏறும், கண் மூடும், விரல் தட்டும். இறங்கி வந்து, ஏற்கெனவே தெரிந்ததைச் சரிபார்ப்பவர் போல, “உங்களுக்கு எப்படித் தெரியுது?” என்பார். “அழுகின வாடை பாய்” என்று வண்டிக்காரர் சொன்னால், “அதான், நானும் அதான் பாத்தேன்” என்று டூல்ஸைத் தேடப் போவார். அடுத்தவர் மூக்கை வாங்கித் தன் மூக்காக்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு சித்திரை வெயிலில் பராங்குசம் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், பெருமாள் கோவில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைப்பவர். மகன் ஸ்ரீகர் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய வெள்ளைக் காரை அவரே ஓட்டி வந்தார். பின்சீட்டிலிருந்து அவர் மனைவி அம்ருதவல்லி இறங்கினாள். முழங்கால் டாக்டரிடம் போய்விட்டு வருகிற வழி. ஷெட் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள்.

“ஏசி போட்டா இவளுக்குத் தலைவலி வரது பாய். ஏதோ வாடைங்கறா. நீங்கதான் மோந்து பாத்துச் சொல்லணும். உங்க மூக்கை நம்பி வந்திருக்கேன்” என்றார் பராங்குசம்.

“உங்க வேலையிலயே மூக்குதானே சாமி பெரிசு?”

“எங்க வேலையில மூக்குக்கு வேலையே கிடையாது. பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி நாம மோந்துடப்படாது. துணியால வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிண்டுதான் தளிகை.”

பாஷா சிரித்தார். “அப்ப நீங்க மூக்கைக் கட்டிக்கினு பொழைக்கிறீங்க, நான் தொறந்துக்கினு பொழைக்கிறேன்.”

பராங்குசம் சிரிக்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஷா உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கண்ணை மூடி இழுத்தார். குளிர்ந்த காற்று மூக்கில் ஏறி இறங்கியது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய தண்ணீர் மாதிரி, எதுவுமில்லாமல். கண்ணைத் திறந்தபோது வெளியே அம்ருதவல்லியின் உதடுகள் அசைவது தெரிந்தது. எதையோ கையைச் சுழற்றிச் சொன்னாள். பராங்குசம் ‘நீ சும்மா இரு’ என்பது போலக் கையமர்த்தினார். மூடிய கண்ணாடிக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

பாஷா இறங்கினார். அந்த அம்மாளிடம் போய்க் கேட்டிருக்கலாம். வேற்று வீட்டுப் பெண்பிள்ளையிடம் என்ன கேட்பது என்ற கூச்சம். பராங்குசத்திடமே கேட்டார்.

“உங்களுக்கு எப்படித் தெரியுது சாமி?”

பராங்குசம் கொஞ்சம் தாமதித்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலையே பாய்.”

பாஷாவுக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஓட்டி வருகிற மனுஷருக்கே தெரியவில்லை என்றால் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது?

டாஷ்போர்டு டப்பாவைக் கழற்றிப் பார்த்ததும் ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. ப்ளோயருக்கு மேலே, வெளிக்காற்றை விடவும் அடைக்கவும் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைத் திருப்புகிற மோட்டாரின் பற்கள் தேய்ந்து, பட்டனை அழுத்தினால் டக் டக்கென்று அடித்துக்கொண்டதே தவிர, கதவு நகரவில்லை. திறந்தபடியே நின்றுவிட்டிருந்தது.

“இதான் சாமி. வெளிக்காத்து கதவு மூடவே இல்ல. சாக்கடை, சாயத்தண்ணி, முன்னாடி போற லாரி புகை, எல்லாம் நேரா உள்ள வந்துக்கினு இருக்குது. தலை வலிக்காம என்ன பண்ணும்?”

பழைய வண்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த மோட்டாரை மாட்டினார். உள்ளே அடைந்திருந்த வேப்பஞ்சருகை வாரிப் போட்டார். பட்டனை அழுத்தினார். கதவு மெதுவாகத் திரும்பி, இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. நல்ல வேலை. அவருக்கே திருப்தியாக இருந்தது.

“இந்த பட்டனை அமுக்கியே வைங்க. இனிமே வெளிய இருந்து ஒண்ணும் வராது. உள்ள இருக்கிற காத்தே சுத்திக்கினு இருக்கும். அம்மாவுக்கு ஊட்டி மாதிரி இருக்கும், பாருங்க.”

“ஊட்டியெல்லாம் வேண்டாம்ப்பா, தலைவலி போனாப் போறும்” என்றாள் அம்ருதவல்லி. அவள் அவரிடம் பேசியது அது ஒன்றுதான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூரம் கோவிலுக்குப் போனார்கள். கோவில் வாசலுக்கு வந்த பிறகு அவளால் இறங்க முடியவில்லை, முழங்கால் வீங்கியிருந்தது. “நீங்க சேவிச்சுட்டு வாங்கோ, நான் இப்படியே இருக்கேன்” என்றாள். வெயிலுக்குப் பயந்து பராங்குசம் இன்ஜினை அணைக்காமல் ஏசியை ஓடவிட்டுப் போனார். சன்னதியில் திரை போட்டிருந்தது. திறக்கும்வரை நின்று, தீர்த்தம் வாங்கி, அவளுக்கென்று துளசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். அவள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு வலியில்லாமல் தூங்குகிறாள் என்று நினைத்தார். துளசியை மடியில் வைத்துவிட்டு, தூக்கம் கலையாதபடி பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் தலை கனத்தது, வெயில் என்று நினைத்தார். வீட்டு வாசலில் கதவைத் திறந்து, “அம்ருதம், ஆத்துக்கு வந்துட்டோம்” என்றார்.

உயிர் எப்போதோ போய்விட்டது, ரத்தத்தில் வண்டிப் புகை ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

போலீஸ் பார்த்து முடித்த பிறகு ஸ்ரீகர் அந்தக் காரைப் பாஷாவின் பக்கத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். அங்கே சைலன்சர் வெல்டிங் செய்யும் ஜுனைத் டிக்கியைத் திறந்து, ஸ்ரீகரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே படுத்துப் பார்த்தான். சைலன்சர் பின்பக்கம் அரித்து வாய் பிளந்திருந்தது. அதற்கு நேர் மேலே, டிக்கியின் தரையில் துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

ஸ்ரீகர் போன பிறகு ஜுனைத் பாஷாவிடம் வந்தான். “பாய், இது உங்ககிட்ட வந்த வண்டிதானே? டிக்கி தொறந்தா மூஞ்சில அடிக்குது. தெருவுல போறவனுக்குத் தெரியும். உங்க மூக்குக்குத் தெரியலையா?”

கணக்கு பாஷாவுக்குள் தானாக ஓடியது. வெளிக்காற்று வந்துகொண்டிருந்தவரை அது உள்ளேயிருந்த புகையைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. தலைவலியோடு நின்றிருக்கிறது. அவர் கதவை மூடினார். அப்புறம் புகை உள்ளே வந்தது, போக வழியில்லை, அந்தக் காற்றே சுற்றியது. நல்ல வேலை. இடைவெளியே இல்லாத வேலை.

அன்று அவர் சாப்பிடவில்லை. “நீ சொன்னப்பவே சொல்லியிருக்கணும்” என்றார் ரசியாவிடம். அவள், “இப்பவாவது அந்த மனுஷர்கிட்ட போய்ச் சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் காலை சின்ன காஞ்சிபுரம் போனார். பராங்குசம் கம்பிக் கதவுவரை வந்தார், திறக்கவில்லை. ஒரு வாரத் தாடி.

“சாமி, என் மூக்கு செத்து மூணு வருசம் ஆவுது. உங்ககிட்ட மோந்து பாத்த மாதிரி நடிச்சேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியல. நீங்க என்ன வேணா பண்ணுங்க.”

பராங்குசம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார், அடிப்பார் என்று பாஷா காத்திருந்தார்.

“நீங்க என்னைக் கேட்டேளே பாய்” என்றார் கடைசியில். “நான்தானே ஒண்ணும் தெரியலைன்னேன்.”

பழியில் ஒரு பங்கைத் தானாக எடுத்துக்கொள்கிறார், பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு பாஷா திரும்பி வந்தார். அது அவருக்கு இன்னும் கனத்தது. அதற்குப் பிறகு காருக்குள் உட்கார்ந்து கண்ணை மூடுவதை விட்டுவிட்டார். கேட்டவர்களிடம், “மூக்கு இல்லபா, நீங்களே சொல்லுங்க” என்றார். சிலர் திரும்பிப் போனார்கள். பேர் மட்டும் அப்படியே இருந்தது.

ஆவணியில் ஸ்ரீகர் அப்பாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போக வந்தான். போகும் முன் ஜுனைதிடம் சொன்னான். சமையலறையில் கேஸ் திறந்தே கிடக்க, அப்பா பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். டாக்டரிடம் காட்டியபோதுதான் சொல்லியிருக்கிறார். பராங்குசத்துக்கும் அதே இரண்டாம் அலையில் வாசனை போய்விட்டிருந்தது. மடப்பள்ளியில் மோந்து பார்க்கக் கூடாது என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்ருதவல்லியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.