பெரியப்பாவின் ஏ ஒன் பல்

பல் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே அன்று காத்திருந்தவர்கள் பெரியப்பா, பெரியம்மா, நான். பெரியப்பாவின் மகளான அக்கா வரவில்லை. அவள் கல்யாணத்துக்காகத்தான் வந்திருந்தோம், இருந்தாலும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அம்மா வரவில்லை, வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். அப்பா வரவில்லை. அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பெரியப்பாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பெரியப்பாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த இடம். நாற்காலியில் உட்காருவார், எழுவார், ஜன்னலுக்குப் போவார், படி இறங்கி இரண்டு பீடி வாங்கிக்கொண்டு பற்றவைக்காமலே மேலே வருவார். நானும் கூடவே ஏறி இறங்கினேன். எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில். கச்சிராயபாளையம் போகிற மத்தியான பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். நான் எதற்கு என்றால், ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டிலும் சேர்த்து இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான்தான். வீட்டுச் சண்டை குழந்தைகளுக்கு இல்லை. நடுவில் ஒரு சுவர், நான் இந்தப் பக்கம் காலையில் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் இன்னொரு முறை சாப்பிடுவேன்.

பெரியப்பாவுக்கு மேல்வரிசையில் முன்பல் நான்கும் இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். அப்படிப் பேசியதுதான் வினையாகிவிட்டது. ரிஷிவந்தியத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் துண்டுக்குள்ளிருந்தே பதில் சொன்னார். போகும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் தரகரிடம், பெண்ணின் அப்பா முகம் கொடுத்தே பேசவில்லை, எதையோ மறைக்கிற ஆள் மாதிரி இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். பெண் பிடித்திருக்கிறது, ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லிப் போய்விட்டார்கள். நடுவில் ஆடி மாதம் இருந்தது. அதற்குள் பல் முளைத்தாக வேண்டும்.

டாக்டரம்மா சின்ன வயது. அக்காவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர் வாயைத் திறக்கச் சொன்னதும் பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார், பெரியம்மா என்னைப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை முன்னால் வாயைப் பிளக்க அவருக்கு வெட்கம். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு திறந்தார். இரண்டு பல்லின் வேர் உள்ளேயே ஒடிந்து நின்றிருந்தது. அது எப்படி ஒடிந்தது என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாடு முட்டிச்சிம்மா."

எனக்கு அதுதான் தெரிந்த கதை. எங்கள் கறவை மாடு கொம்பைச் சிலுப்பும். நம்பினேன்.

வேரை எடுத்துவிட்டு, ஈறு ஆறியதும் பல் கட்ட வேண்டும் என்றார். இரண்டு வழி இருந்தது. கழற்றி மாட்டுகிற பல் என்றால் மூவாயிரம். கழற்றாத பல் என்றால், பல் இல்லாத இடத்தின் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிற பல்லை ராவி, அவற்றையும் பிடித்துக்கொண்டு ஆறு பல்லாக ஒரே கட்டு, பல்லுக்கு மூவாயிரம். வேர் எடுக்கத் தனியாக ஐந்நூறு. நான் மனக்கணக்காகப் பெருக்கிச் சொன்னேன். பெரியப்பா என் தலையில் கை வைத்தார், மூவாயிரத்தை எண்ணிக் கொடுத்தார், ஐந்நூறை அடுத்த தடவை தருவதாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் வாய் நிறையப் பஞ்சோடு அவர் நின்றுகொண்டே வந்தார். பின்சீட்டுப் பெண்ணிடம் பெரியம்மா, அவர் பைக்கில் வழுக்கி விழுந்து பல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவிடம் சொன்னது மாடு. பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் உண்டு.

வீட்டில் அம்மாவிடம் பல் கணக்கை ஒப்பித்தேன், அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே இன்னொன்று நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டுத்தறியில் மாடு இல்லை. சின்னசேலத்து வியாபாரி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. அப்பாவும் வீட்டுக்குள் தங்கவில்லை. கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வெறும் முளைக்குச்சியை ஆட்டிப் பார்த்தார், அப்புறம் அதையே இன்னும் ஆழமாக அடித்தார். நான் யோசித்து யோசித்து விடையைக் கண்டுபிடித்தேன். பெரியப்பா பல்லை உடைத்த மாடு. அதனால்தான் விற்றுவிட்டார்கள். பெரியம்மா சொன்ன பைக் கதை தப்பு, மாட்டுக் கதைதான் சரி. மனசு ஆறியது.

சனிக்கிழமை அப்பா எனக்குச் செருப்பு வாங்கித் தருவதாகக் கள்ளக்குறிச்சி கூட்டிப்போனார். செருப்புக்கடைக்கு முன்னால் அதே மருந்துக்கடை. கீழே ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்து, கையில் பன்னைக் கொடுத்துவிட்டு மாடி ஏறினார். பன் தீர்ந்தும் வரவில்லை. உட்கார முடியாமல் படியை எண்ணினேன். பதினேழு படி. இறங்கி வந்தவர் இங்கே வந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அப்பாவுக்கும் பல் வலி, வெளியே சொல்ல வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன். மாட்டைப் பற்றி அவர் சத்தியம் எதுவும் வாங்கவில்லை.

ஆடி பாதியில் மறுபடி போனோம். டாக்டரம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல், கையுறையை மாட்டிக்கொண்டே, வயதானவர்களுக்கென்று ஒரு சலுகை வந்திருக்கிறது, கட்டிய மூவாயிரத்துக்கே கழற்றாத பல்லாக வைத்துவிடலாம் என்றார். பெரியப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சும்மா வருகிற எதையும் அவர் நம்பமாட்டார். பெரியம்மாதான் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

பல்லை ராவி முடித்த பிறகு டாக்டரம்மா ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். குச்சி குச்சியாக மாதிரிப் பற்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எழுத்தும் எண்ணும். பெரியப்பாவின் மற்ற பல்லுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, ஏ நான்கு பொருந்தும் என்றார். இதைப் படிக்கத்தானே என்னைக் கூட்டிவந்தார்கள். ஏ நாலு கடைசி, ஏ ஒன்றுதான் முதல் என்று எடுத்துச் சொன்னேன்.

"அப்ப மொதலயே வையிம்மா," என்றாள் பெரியம்மா. "பொண்ணு வூட்டு விஷயம். நாலாந்தரம் எதுக்கு?"

அது தரம் இல்லை, வெறும் நிறம், வெற்றிலைக் காவி ஏறிய பல்லுக்கு நடுவில் அது பளீரென்று தெரியும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பெரியப்பா மரத்த வாயால், "எங்க பையன் படிக்கிறவன். அவன் சொல்றதயே வைங்க," என்றார்.

நிச்சயத்தன்று அந்தப் பல் எங்கள் தெருவுக்கே வெளிச்சம் காட்டியது. கீழ்வரிசை செம்மண் நிறம், மேலே ஆறு பல் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி. பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடாத வாயோடு, பந்தலுக்கும் வாசலுக்கும் அலைந்தார். கை தானாக வாய்க்குப் போகும், பாதியில் நின்று மீசையைத் தடவிவிட்டு இறங்கும். அம்மா பந்தலில் இருந்தாள். அப்பா சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் கொல்லையில் இருந்தார். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.

தட்டு மாற்றும் முன் பங்காளிக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். பெண்ணின் அப்பாவோடு கூடப் பிறந்தவர் இருந்தால் அவர்தான் முதலில் வாங்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பங்காளி யார் என்று கேட்டார். யாரும் எழவில்லை. தூரத்துப் பங்காளி ஒருவரைப் பெரியம்மா கண்ணால் கூப்பிட்டாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே நேரத்தைக் கடத்தினார். தாய்மாமன் தட்டோடு நின்றார்.

"இன்னா சம்மந்தி, பல்லு டாலடிக்குது," என்றார் சிரித்தபடி. "போன தபா வாயே தொறக்கல. இன்னா ஆச்சு, எப்பிடிப் போச்சு?"

பெரியம்மா முந்திக்கொண்டு பைக் கதையைச் சொன்னாள். தாய்மாமனின் சிரிப்பு போய்விட்டது.

"தரகர் தென்னமரத்துல இருந்து வுழுந்தார்னு சொன்னாரு. ஆளுக்கொண்ணு சொல்றீங்களே. உள்ள இன்னாதான் இருக்குது?"

அக்கா கூடத்துக் கதவோரம் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். முறுக்கி அவிழ்த்து, முறுக்கி அவிழ்த்து. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சரியான விடை என்னிடம் இருக்கிறது, வாத்தியார் கேட்கிறார், எல்லோரும் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். எழுந்து நின்று சொன்னேன்.

"மாடுதான் முட்டிச்சி. எங்க வூட்டு மாடு. அதனாலதான் ஆடி பொறக்கறதுக்கு முன்னயே எங்கப்பா அத வித்துட்டாரு."

முதலில் தாய்மாமன்தான் சிரித்தார். பையன் சொல்வதுதான் நிஜம், பெரியவர்களுக்குத்தான் மாட்டிடம் பல்லைக் கொடுத்ததைச் சொல்ல வெட்கம் என்றார். பந்தலே சிரித்தது. அக்கா முந்தானையை விட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது, பெருமையில்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நாக்கால் மேல்பல்லை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினார். அப்புறம் பந்தலை விட்டு இறங்கி, சுவரோரமாக நடந்து, எட்டி எங்கள் கொல்லையைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் திரும்பியதே இல்லை. மாடு உண்மையிலேயே இல்லையா என்று சரிபார்க்கிறார் என்று நினைத்தேன்.

"வாடா," என்றார் சுவருக்கு மேலே. "தட்டு நின்னுக்கினு இருக்குது. வந்து வாங்கு."

அப்பா வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தட்டை வாங்கிக்கொண்டார். பெரியப்பா சிரித்தார், ஆறு பல்லும் தெரிய. அப்பா அந்தச் சிரிப்பை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இவ்வளவு அழகான பல்லை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று எனக்கு அப்பா மேல் கோபம்கூட வந்தது. நான் தேர்ந்தெடுத்த நிறம்.

போன வருஷம் அந்தப் பல்கட்டு லேசாக ஆட்டம் கண்டது. நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். அதே மாடி, அதே பதினேழு படி, பெரியப்பாவுக்குத்தான் இப்போது இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. டாக்டரம்மாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. புதுச்சீட்டு எழுதுவதற்காக, பழைய பல் எப்படிப் போனது என்று மறுபடி கேட்டார். நான் மாடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தம்பி அடிச்சதும்மா," என்றார் பெரியப்பா, மழை வருமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதைப் போல. "மோட்டார்த் தண்ணி முறையில சண்ட. மண்வெட்டிக் காம்பு. நானும் சும்மா இல்ல, வாய் ஜாஸ்தி எனக்கு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். பெரியப்பாவின் பழைய கணக்கு அட்டையை எடுத்தார். பணம் கட்டியவர் கையெழுத்து இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று பெரியப்பாவின் கட்டைவிரல் ரேகை. இன்னொன்று, எழுதக் கற்றுக்கொடுத்து நான் பழக்கியிருந்த, கோணல்மாணலான அப்பாவின் பெயர்.

படி இறங்கும்போது கேட்டேன், அப்பா பணம் கட்டியது நிச்சயத்தன்றே தெரியுமா என்று. பெரியப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீதானடா எழுந்து சொன்ன. மாட்ட வித்துட்டாங்கன்னு."

வேர் எடுத்ததற்கு ஐந்நூறு, ஆறு பல், பல்லுக்கு மூவாயிரம். அதில் பெரியப்பா கட்டியது மூவாயிரம். மீதி மாடு கட்டியது. மொத்தம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.