முன் சக்கரத்துச் சத்தமும் அக்காவின் காதும்

எங்கள் ஜீப்புக்கு என்னைவிட வயது அதிகம். வேகம் காட்டுகிற முள் செத்துப் பல வருடமாகிறது. என் பக்கத்துக் கதவுக் கண்ணாடி ஒரு நாள் மேலே ஏறி நின்றது, பிறகு இறங்கவே இல்லை. ஆனாலும் விசுவமடுவிலிருந்து உள்ளே போய், குளத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கும் எங்கள் ஊரில், மாரியில் தாம்போதி என்கிற தாழ்ந்த தரைப்பாலத்தைக் கடக்கக்கூடிய வாகனம் அது ஒன்றுதான். குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் தாம்போதிக்கு மேலால் முழங்காலளவு தண்ணீர் ஓடும். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் அக்கரையிலேயே நின்றுவிடும்.

எங்களால் நிற்க முடியாது. செவ்வாயும் வெள்ளியும் அக்காவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு சிறுநீரகமும் அவளைக் கைவிட்டு ஒன்றரை வருடம். இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்தோடு நாலு மணித்தியாலம் படுத்து எழும்பினால்தான் அடுத்த மூன்று நாலு நாள் அவளுக்கு உண்டு. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு இழுக்கும். இரண்டு முறை தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

சத்தம் ஐப்பசி மழையோடு தொடங்கியது. முன்பக்கத்தில், கீழே, ஓர் உறுமல். ரயரில் சேறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கழுவினேன். போகவில்லை. பிறகு கவனமாகக் காது கொடுத்தேன். முன் இடச் சக்கரம். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் சந்தேகமில்லை என்றால், சண்டையின் கடைசி மாதங்களில் எனக்குப் பதின்மூன்று வயது. பீரங்கியால் செல் குத்துகிற சத்தம் எந்தப் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில், எங்களை நோக்கி வருகிறதா, தாண்டிப் போகிறதா என்று காது தானாகக் கணக்குப் போடப் பழகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தினால், என் வயதுக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "தெற்கை, முந்நூறு மீற்றர்" என்று சொல்லிவிட்டுத்தான் சிரிப்பார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் காது தவறியதில்லை. தவறியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே ஜீப்பைப் புதுக்குடியிருப்பில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோய், "முன் இடப்பக்கத்துப் பெயாரிங் போச்சு, மாத்துங்கோ" என்றேன். பெயாரிங் என்பது சக்கரத்தின் நடுவில் இருக்கிற, உருளைகள் கோத்த இரும்பு வளையம். அது தேய்ந்தால் சக்கரம் உறுமும், முற்றாக உடைந்தால் சக்கரம் இறுகி நின்றுவிடும். கராச்காரர் நல்ல மனிதர். "ஒருக்கா ஓடிப் பாத்திட்டுக் கழட்டுவமே?" என்று கேட்டார்.

"ஓடிப் பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? எனக்குத் தெரியும்தானே" என்று சீறினேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊர் அறிந்தது. அவருக்கும் அந்த ஒரு வசனத்தில் விளங்கியிருக்க வேண்டும். சொன்னபடியே மாற்றினார். கழற்றிய பழைய பெயாரிங்கை அதன் இரும்புக் கிண்ணத்தோடு துணியில் சுற்றிக் கையில் தந்தார். எதையும் எறிய எனக்கு மனம் வராது. ஆசனத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

திரும்பி வரும் வழியிலேயே உறுமியது.

அடுத்த இரண்டு கிழமையும் நான் அந்த இடச் சக்கரத்தை விடவில்லை. கழற்றினேன், கிறீஸ் அடைத்தேன், இறுக்கினேன், தளர்த்தினேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், பக்கத்தில் இருந்த அக்காவிடம், "இடப்பக்கம்தானே கேக்குது?" என்றேன்.

"எனக்குத் தெரியேல்லைத் தம்பி."

"உன்ர காலுக்குக் கீழைதான் கத்துது. அதுவும் தெரியேல்லை எண்டிறாய்."

டீசல் மணம் வயிற்றைப் புரட்டுகிறது என்று எப்போதும் திறந்தே வைத்திருக்கும் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நோயோடு இருக்கிறவளிடம் எரிந்து விழுந்தது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கமும் என்னிடம் இல்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காலையில் வரும்போதே பார்த்திருந்தேன், குளம் வான் பாய ஒரு முழம்தான் பாக்கி. வானம் கறுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தண்ணீருக்குள்ளால்தான் போக வேண்டி வரும் என்பது நிச்சயம். சத்தமோ அன்றைக்கு எங்கள் கதையை விழுங்குகிற அளவுக்கு ஏறிவிட்டது. நடுத் தாம்போதியில் சக்கரம் இறுகி நின்றால் என்ன செய்வேன் என்று முதல் தடவையாகப் பயந்தேன். பரந்தன் றோட்டில் ஒரு மருத மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருந்த கராச்சைக் கண்டதும் திருப்பினேன்.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் பேச்சு இன்னும் வீட்டுப் பேச்சாகவே இருந்தது.

"சொல்லுங்க தம்பி, என்ன சத்தம்?"

"முன் இடப்பக்கம் அண்ணை. சக்கரத்திலையிருந்து ஒரு அடி உள்ளுக்கு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் இப்படித்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். சத்தம்னா பக்கம் சொல்லுவோம், தூரம் சொல்லுவோம். அது காத்துல வர்ற சத்தத்துக்குச் சரி. இது இரும்புல ஓடி வருது தம்பி, எந்தப் பக்கமும் வெளியில வரும். நீங்க எங்கேன்னு சொல்ல வேணாம். எப்பன்னு சொல்லுங்க."

"எப்பவும்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? ஒன்றரை மாதம் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்போது ஜீப்பின் உள்ளிருந்து அக்கா சொன்னாள். "எனக்குப் பக்கம் சொல்லத் தெரியாது அண்ணை. இடக்காது கேக்காது. எப்ப எண்டு வேணுமெண்டால் சொல்லுவன்."

இடக்காது விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். சண்டை எங்கள் பக்கம் வந்த தொடக்கத்திலேயே, பக்கத்தில் விழுந்த ஒரு செல்லில் போனது. ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் கேட்கும், அவ்வளவுதான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மெக்கானிக் என்னைப் பார்த்து, "ஒத்தக் காதுல பக்கம் தெரியாதுங்க. பக்கம் தெரியணும்னா ரெண்டும் வேணும்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்துக் கதவடியில் போய் நின்றார். "நீங்க சொல்லுங்கம்மா."

அக்கா சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன். "முதல்லை, நாலாம் கியருக்குப் போனாப் பிறகுதான் துடங்கினது. இப்ப மூண்டிலையே துடங்குது. அம்மன் கோயிலடி வளைவிலை கூடும். பள்ளிக்கூட வளைவிலை நிண்டு போகும். கிளிநொச்சியாலை திரும்பி வரேக்கை மற்றப்பக்கமா இருக்கும், பள்ளிக்கூடத்தடியிலை கூடும், கோயிலடியிலை நிண்டு போகும். காலை எடுத்து வெறுமனை உருள விட்டாலும் நிக்காது. பிறேக் பிடிச்சாலும் நிக்காது. போன வெள்ளிக்கிழமையிலையிருந்து இடைக்கிடை ஒரு கடிக்கிற சத்தமும் சேந்திருக்கு, அரிசியிலை கல்லுக் கடிபடுற மாதிரி."

நாலு மணித்தியாலம் இயந்திரத்தில் கிடந்துவிட்டு, வெளிறிய முகத்தோடு, ஆசனத்தில் சாய்ந்தபடி இதைச் சொன்னாள். அதே ஜீப், அதே பாதை, அதே சத்தம். எனக்குக் கேட்டது ஒன்று. அவளுக்குக் கேட்டது ஒரு முழுப் புத்தகம்.

"கோயிலடி வளைவு எந்தப் பக்கம் திரும்பும்?" என்று மெக்கானிக் என்னைக் கேட்டார்.

"போகேக்கை இடப்பக்கம்."

"பள்ளிக்கூடத்து வளைவு?"

"வலப்பக்கம்."

"இடப்பக்கம் வளைச்சா வண்டியோட பாரம் எந்தச் சக்கரத்துல விழும்?"

எனக்கு முகம் சுட்டது. நெல் மூட்டை ஏற்றி இறக்குகிறவனுக்கு இது தெரியாதா? இடப்பக்கம் திருப்பினால் பாரம் வலப்பக்கம் சாயும். இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் கத்தியது வலச் சக்கரம். என் பக்கத்துக் கண்ணாடி மூடிக் கிடந்ததால், அந்தச் சத்தம் அடியால் ஓடி அக்காவின் திறந்த கண்ணாடியால் உள்ளே வந்திருக்கிறது. குண்டுகளுக்குத் தவறாத என் காது, ஒரு கண்ணாடியிடம் ஏமாந்திருக்கிறது.

அவர் அவசரப்படவில்லை. முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் பூட்டுகளைத் திருகித் திறந்து, உள் அச்சு சுழலாதபடி விட்டுவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்தார். சத்தம் அப்படியே இருந்தது. "அப்ப உள்ளுக்கு இல்ல, சக்கரத்துலதான்" என்றார். பிறகு ஜக் வைத்து வலப்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, என் உள்ளங்கையைப் பிடித்து சக்கரத்தைத் தாங்கும் வில்லுத் தட்டின் மேல் வைத்தார். இரும்புக்குள் மணல் அரைபடுவது கைக்குத் தெரிந்தது. இடப்பக்கத்தையும் தூக்கிச் சுழற்றினார். அங்கே ஒன்றுமில்லை. வலப்பக்கத்தைக் கழற்றியபோது உருளைகள் வெந்து நீலம் பாரித்துப் போயிருந்தன. அவற்றைக் கோத்து வைத்திருந்த கூடு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை இதோட தண்ணிக்குள்ள எறங்கியிருந்தீங்கன்னா, அங்கயே நின்னிருக்கும்" என்றார்.

ஆசனத்துக்குக் கீழே கிடந்த துணிப் பொட்டலம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழுதென்று நான் அடம்பிடித்துக் கழற்றிய இடப்பக்கத்துப் பெயாரிங். அவர் அதை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்துக்குப் பிடித்து, உருளை உருளையாக நகத்தால் தடவிப் பார்த்தார். "இதுக்கு ஒரு குறையும் இல்லையே, ஏன் கழட்டினீங்க?" என்றார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கத்துக்கும் அளவு ஒன்றுதான். புதியது வாங்கும்வரை அதையே கிண்ணத்தோடு வலப்பக்கத்தில் போட்டுத் தந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜீப் ஊமையாகிவிட்டது போலிருந்தது. அக்காவைக் கேட்டேன். "இவ்வளவும் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீ எந்தப் பக்கம் எண்டுதானே கேட்டனி" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அது இன்னும் சுட்டது.

வியாழக்கிழமை இரவு பெய்த மழையில் குளம் வான் பாய்ந்தது. வெள்ளிக்கிழமை காலை தாம்போதிக்கு மேலால் மண் நிறத் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. ஓரத்துக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. சக்கரப் பூட்டுகளைப் போட்டு, முதல் கியரில் இறக்கினேன். முன் அச்சு சத்தமில்லாமல் இழுத்தது. மூன்று நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி தண்ணீரின் நடுவில் வாயில் வந்துவிட்டது.

கேள்வி இதுதான். அந்தக் கடைசி மாதங்களில் எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான். செல் வரும்போதெல்லாம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். அவள் ஓடிய பக்கம் ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை. அக்காதான் என்னை உயிரோடு கொண்டு வந்து சேர்த்தாள் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் காது போனது அதற்கு முதலே. பக்கம் தெரியாதவள் எந்தப் பக்கம் ஓடுவது என்று எப்படி அறிந்தாள்?

கேட்டேன். அக்கா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"உன்ர முகத்தைத்தான் பாப்பன். நீ பயந்து எந்தப் பக்கம் திரும்பிப் பாக்கிறியோ, அதுக்கு எதிர்ப்பக்கம் உன்னை இழுத்துக்கொண்டு ஓடுவன். எனக்கு வேறை என்ன தெரியும்?"

ஜீப்பை நிறுத்த வேண்டும் போலிருந்தது. தாம்போதி நடுவில் நிறுத்த முடியாது. ஒரு சின்னப் பெடியனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் அத்தனை தூரமும் ஓடியிருக்கிறாள். அவனுக்கு அதைத் தெரிய விடவும் இல்லை. கண் கலங்கி எனக்கு முன்னால் எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிந்தது.

"வலப்பக்கம் வெட்டு தம்பி, கல்லு வருது" என்றாள் அக்கா.

வெட்டினேன்.