கீறல் விழுந்த பெட்டிதான் முதல்

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். பஸ் நம்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இதையும் நானேதான் மெதுவாக எழுதுகிறேன். வராதது ஆங்கிலம். அந்த ஒரு குறையால் ஒரு நாள் அறுவை அறையில் என் பேச்சு எடுபடவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியில் நான் அட்டெண்டன்ட். அறுவை நடக்கும்போதே படம் எடுப்பார்கள். ஃபிலிம் வைத்த தட்டைப் பெட்டிகளை வரிசையாக எடுத்துக் கொடுப்பது, பிறகு அவற்றைக் கீழே இருட்டறைக்குக் கொண்டுபோவது, கழுவிய படங்களை ஈரம் சொட்டச் சொட்ட மேலே கொண்டுவருவது, இதெல்லாம் என் வேலை. லிஃப்டை நம்பினால் ஆகாது. படியேறிவிடுவேன்.

அன்றைக்கு மேசையில் குப்புறப் படுத்திருந்தவர் தேக்கா கடைத்தெருவில், கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் மெஷின் போட்டிருந்த தையல்காரர். என் ரவிக்கையெல்லாம் அவர் தைத்ததுதான். முதுகுத்தண்டுக்குள் ரத்தக்குழாய்கள் சிக்கு விழுந்த நூல்போலப் பின்னிக்கொண்டு, இரண்டு காலும் மரத்துவந்தன.

"கால் போயிட்டா மெஷினை என்ன, கையாலயா மிதிக்கிறது?" என்று வார்டில் என்னிடம் கேட்டிருந்தார்.

டாக்டர் அந்தச் சிக்குக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை அடைத்துவிட்டு, சாயமருந்து செலுத்தி, சில நொடிக்குள் அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கச் சொல்வார். சிக்கிலிருந்து வெளியேறும் பருத்த ரத்தநாளம் ஒன்று முதல் படத்திலேயே வெளுத்துத் தெரிந்தால் சிக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசிப் படத்தில் தெரிந்தால் பயமில்லை. எனவே எது முதல் என்பதில்தான் எல்லாமே. இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வருஷக்கணக்காக வாசலில் நின்று பிடித்துக்கொண்டது.

வரிசை மாறாதிருக்க நான் பெட்டிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நூல் கட்டுவேன். இருட்டறைக்காரர் அதே நூலைப் படத்தின் கம்பியில் மாட்டி அனுப்புவார். நூல் அந்தத் தையல்காரர் கடையில் மிஞ்சியதுதான். அன்று காலை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், மிஸ்ஸி என்போம், கத்தரியால் எல்லாவற்றையும் வெட்டிப்போட்டாள்.

"இது தியேட்டர் அக்கா, கோயில் மரமில்ல. நூலெல்லாம் அழுக்கு லா."

எக்ஸ்ரே எடுப்பவர் பெட்டிமேல் ஈய எண்களை ஒட்டிக்கொள்வார் என்றாள். ஒட்டினார். அவசரமாகப் பெட்டி மாற்றியதில் ஒன்றும் மூன்றும் கழன்று விழுந்து, படத்தில் பதியாமல் போயின.

படங்களை விளக்குப்பெட்டியில் மாட்டினார்கள். ஒன்றில் அந்த நாளம் வெள்ளையாகத் தெரிந்தது. எது முதல் என்று டாக்டர் கேட்டார். அதுதான் கடைசி என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். ஆனால் அந்தப் படத்தின் மூலையில் மயிரிழைபோல வெள்ளைக் கோடு. நான் முதலில் கொடுத்த பெட்டியின் உள்தகட்டில் ஒரு கீறல் உண்டு. அதில் எடுக்கும் எல்லாப் படத்திலும் அந்தக் கோடு விழும்.

"கோடு இருக்கிறதுதான் முதல் படம். டாக்டர்கிட்ட சொல்லுங்க மிஸ்ஸி."

"இங்கிலீஷ்ல ஒரு வரி படிப்பீங்களா நீங்க? சும்மா நில்லுங்கக்கா."

டாக்டர் ஊகத்தில் முடிவெடுக்க மாட்டேன், திரும்ப எடுங்கள் என்றார். அவர்மேல் தப்பில்லை, நான் சொன்னது அவர் காதுக்கே போகவில்லையே. மறுபடி மருந்து, மறுபடி பெட்டிகள், கீழே ஓட்டம், மேலே ஓட்டம். முதுகு திறந்தபடி அரை மணி நேரம். படியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

இந்த முறை எண்களை இறுக்கி ஒட்டியிருந்தார்கள். முதல் படத்திலேயே நாளம் வெளுத்திருந்தது. டாக்டர் தேடி இன்னொரு குழாயைக் கண்டுபிடித்து அடைத்தார். அடுத்த படங்கள் சுத்தம். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

சில மாதம் கழித்துத் தேக்காவுக்குப் போனேன். அவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மிச்ச நூலைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"இன்னும் கட்டுறீங்களாக்கா?"

"கட்டுறேன்" என்று பொய் சொன்னேன். மிஸ்ஸி அதன் பிறகும் கட்ட விடவில்லை.

வலது கால் மிதித்துக்கொண்டிருந்தது. இடது கால் மிதிபலகைமேல் சும்மா கிடந்தது. அது முன்பே போன காலா, அந்த அரை மணி நேரத்தில் போனதா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு ஆங்கிலம் இல்லை. மிஸ்ஸியைக் கேட்கச் சொல்ல எனக்கு மனசில்லை. ஜாக்கெட் துணியைக் கொடுத்து அளவு சொல்லிவிட்டு வந்தேன்.