கெசியா முடித்து வைத்த ஒத்திகை

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குக் காவல் இருந்தவள் கெசியா. சிரிக்காதீர்கள், வேலையே அதுதான். பைபாஸ் ஓரம், பிரியாணிக் கடை மாடியில் ஆபீஸ். முதலாளி ஞானசீலன் முன்பு தோல் ஏற்றுமதிக்குக் காகித வேலை பார்த்தவர். ஆர்டர் குறைந்ததும் வெளிநாட்டுக் கோடீஸ்வரர்களின் சொகுசுப் படகுகளுக்கு அதே வேலையைச் செய்ய ஆரம்பித்தார்.

படகென்றால் நம் ஊர்க் கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். வயிறு முழுக்க டீசல். அப்படிப்பட்டது ஒரு நாட்டின் கரையோரக் கடலுக்குள் நுழையும் முன், எண்ணெய் கசிந்தால் என்ன செய்வோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போனில் ஒரு ஒத்திகையும் நடத்த வேண்டும். அந்தப் போனை எடுப்பவள் கெசியா. படகிலிருந்து கூப்பிடுகிறவர் "இது ஒத்திகை" என்று ஆரம்பிப்பார். "ஒத்திகை முடிந்தது" என்று கடைசியில் அவரேதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிஜ விபத்தென்று எடுத்துக்கொண்டு அந்நாட்டுக் கடலோரக் காவலுக்குத் தகவல் தர வேண்டும். இது சட்டம்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் ஒரு படகின் எஞ்சின்காரர் கூப்பிட்டார். "இது ஒத்திகை. எஞ்சின் அறையில் டீசல் குழாய் கசிகிறது" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்ததை வாசித்தார். பாதியில் ஒரு இருமல். ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் பேச்சில்லை. லைன் மட்டும் இருந்தது.

கெசியாவின் அப்பா வீட்டு ஜெபத்தில் பாதியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். யாராவது ஆமென் சொன்னால்தான் சோற்றில் கை வைக்க முடியும். சின்ன வயதிலிருந்தே அந்த ஆமென் அவளுடையது. அந்த வாய்ப்பழக்கத்தில், "ஒத்திகை முடிந்தது" என்று இவளே சொல்லிப் போனை வைத்தாள். அனாவசியமாகப் படகை நிறுத்திவிட்டால் தன் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மறுநாள் மதியம் அதே குரல், அதே வாசகம், அதே இருமல். அப்புறம் மௌனம். திரும்ப ஒத்திகை பார்க்கிறார்கள் போல என்று இவள் மறுபடியும் முடித்து வைத்தாள்.

பக்கத்து மேசை சைரா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள். "இன்னா கெசியா, யார்கிட்ட பேசினு இருக்க? போனே அடிக்கலியே."

"அடிச்சுதே. நீ சாப்ட்ற ஜோர்ல கவனிக்கல."

சொல்லிவிட்டு மூச்சை இழுத்தாள். எந்நேரமும் மூக்கைவிட்டுப் போகாத தோல் தொழிற்சாலை வாடை அந்த அறையில் இல்லை. டீசல் நாறியது.

புதன்கிழமையும் குரல் வந்தது. இருமல் வந்தது. இந்த முறை கெசியா வாயைத் திறக்கவில்லை. ரிசீவருக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. எதிர்முனையில் யாரோ காத்திருந்தார்கள். அவளால் தாங்க முடியவில்லை.

"சார், இது ஒத்திகையா, நிஜமா?"

"நிஜம்" என்றது குரல். "முதல் நாளிலிருந்தே."

வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷமே கடலோரக் காவலைக் கூப்பிட்டாள். அவள் நம்பரைத் தப்புத்தப்பாக அழுத்த, கடைசியில் சைராதான் அழுத்திக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஞானசீலன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கரையோரக் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த படகில் காவலுக்கு எஞ்சின்காரர் ஒருவர்தானாம். மற்றவர்களெல்லாம் மூன்று நாளாகத் தீவு பார்க்கப் போயிருந்தார்களாம்.

"எண்ணெய் கரைக்குப் போறதுக்குள்ள தடுத்துட்டாங்க. அந்த ஆளுதான் பாவம், திங்கட்கிழமையே நிஜமா குழாய் கசிஞ்சு, புகையில மயங்கி விழுந்திருக்காரு. சாயங்காலம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாராம்."

ஞானசீலன் காகிதத்தைப் புரட்டினார்.

"செவ்வா, புதன் ரெண்டு நாளும் நமக்கு அங்கிருந்து போனே வரல. நீ எப்டிம்மா கண்டுபுடிச்ச?" கேட்டுவிட்டு அவரே தேற்றினார். "நீ பேஜாராவாத. உன்மேல தப்பே இல்ல. திங்கட்கிழம ஒத்திகை முடிஞ்சுதுன்னு ரெக்கார்டுலயே இருக்கு. நானே கேட்டேன்."

"அதுல முடிஞ்சுதுன்னு சொல்றது யாரு சார்?"

ஞானசீலன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீதாம்மா" என்றார்.